குடகு மலைக்குப் போகும் தலைத்தீபாவளிச் சீர்

முதுநகர்,
25.10.2010, திங்கட்கிழமை,
காலை மணி 7.35 (ராகுகாலம்)

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு, முதுநகர் வைத்திலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி புஷ்பவள்ளி, அவளுடைய சர்க்கரை, என்னுடைய ரத்தக்கொதிப்பு ஆகிய நால்வரும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருந்துவருகிறோம். சிதம்பரத்தில் தாங்களும், சம்பந்தியம்மா செல்லாயி அவர்களும், தங்கள் உரக்கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நடராஜப் பெருமானை வேண்டிக்கொள்கிறோம்.

இந்தக் கடிதத்தைத் தங்கள் கையில் கொடுப்பவன் கொளஞ்சி. முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். என்னை மாமா என்று கூப்பிடுவான், உறவு ஒன்றும் கிடையாது. அவனுக்குப் பின்னால் நிற்கிற குட்டி யானை வண்டியில் மாப்பிள்ளையின் மலை சைக்கிளும், அதற்கு வேண்டிய சாமான்களும் பன்னிரண்டு தட்டில் வந்திருக்கின்றன. வரும் வியாழக்கிழமை தாங்கள் பெங்களூர் போகும்போது எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதாகப் போனில் சொன்னீர்கள், பெரிய உபகாரம். வண்டி ஏழு மணிக்கே கிளம்பியிருக்கவேண்டியது. கயிறு கட்டுவதிலேயே ஏழரை ஆகிவிட்டது. ஏழரைக்கு ராகுகாலம் பிறந்ததும் புஷ்பவள்ளி டிரைவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள், இனி ஒன்பது மணிக்குத்தான் தருவாள். அதுவரை சும்மா இருப்பானேன், சாமான்களைப் பற்றி விளக்கமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதாவிட்டால் தட்டுகளைப் பார்த்ததும் தாங்கள் தப்பாக நினைத்துக்கொள்ள நிறைய இடமிருக்கிறது.

ஒன்று மட்டும் உறுதி, ஒரு சாமானும் குறையாது. முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலை ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். என் கையில் ஒரு நட்டு குறைந்தது என்று ஒருவனும் சொன்னதில்லை. சாதாரண சாமானை யார் வந்து கேட்டாலும் சீட்டைப் பார்த்துக் கொடுத்துவிடுவேன். அது இல்லாவிட்டால் மெஷினே ஓடாது என்கிற மாதிரி முக்கியமான சாமான் என்றால் மட்டும், கேட்டவரே நேரில் வந்து என் முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். ஆள் அனுப்பினால் நடக்காது. ஒருதடவை ஜெனரல் மேனேஜரே கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு பேரிங்கை வாங்கிக்கொண்டு போனார். முகம் கடுகடுவென்று இருந்தது, இருக்கட்டும். வந்தாரா இல்லையா?

முதலில் இந்த சைக்கிள் பெங்களூரில் இல்லாமல் ஏன் எங்கள் வீட்டில் கிடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆடிக்கு அழைத்துவந்த இலக்கியாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக மாப்பிள்ளை இளவரசு காரில் வந்தாரல்லவா, காருக்குப் பின்னால் இதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். ஓட்டினார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவந்து பார்த்தார்கள். பிறகு ஊருக்குக் கிளம்புகிற அன்று புஷ்பவள்ளி கொடுத்த குத்துவிளக்கு, இரண்டு பித்தளைத் தவலை, வடகம், மூன்று ஜாடி ஊறுகாய், ஒரு மூட்டை புழுங்கலரிசி எல்லாவற்றையும் ஏற்றியதும் காரின் பின்பக்கம் தரையைத் தொட்டுவிட்டது. எதையாவது இறக்கியே ஆகவேண்டும். சீர் சாமானை ஏற்றிவிட்டு இறக்கக் கூடாது என்று புஷ்பவள்ளி கையை நீட்டி மறித்தாள். ஆகவே சைக்கிளை இறக்கினோம். மாப்பிள்ளை தாமே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார், தங்கமான பிள்ளை. ஆனால் கார் தெரு திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டி சைக்கிளையே பார்த்துக்கொண்டு போனார். நான் என் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த மாதம் பத்தாம் தேதி இலக்கியா போன் செய்தாள்.

"அப்பா, தீபாவளிக்கு சேர்ந்தாப்புல நாலு நாள் லீவு வருதுப்பா. நாங்க குடகு மலைக்குப் போலாம்னு இருக்கோம். சைக்கிள்லயே சுத்தறது."

"தலைத்தீபாவளிம்மா இது" என்றேன்.

"தீபாவளி வருஷா வருஷம் வருதுல்லப்பா."

"தலைத்தீபாவளி வருஷா வருஷம் வராதும்மா."

பிறகு மாப்பிள்ளை வாங்கிப் பேசினார். "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. பொங்கலுக்குக் கண்டிப்பா வந்துடறோம். ஒரு உதவி மட்டும் பண்ணணும். சைக்கிளையும் ஸ்பேர்ஸையும் நீங்களே பேக் பண்ணி அனுப்பணும். நீங்க ஸ்டோர்ஸ்ல இருந்தவரு, உங்கள மாதிரி யாரால முடியும்?" என்றார். சம்பந்தி, அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். சரிங்க மாப்ள என்று சொல்லிவிட்டு போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி என்று சொன்னேன் என்பதே உறைத்தது.

எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். எங்களுக்கு இவள் ஒரே பெண். தலைத்தீபாவளி அவளுக்கு ஒருதடவை என்றால் எங்களுக்கும் ஆயுசுக்கும் ஒரேதடவைதான். வைகாசியில் கல்யாணம் முடிந்த மறுநாளே புஷ்பவள்ளி எண்ணெய் வைத்துவிடுகிற மணையைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டாள். மாப்பிள்ளை எப்ப வர்றாரு என்று எதிர்வீட்டில் கேட்டதற்கு, லீவு கெடைக்கிறதப் பொறுத்து என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, உள்ளே வந்து அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். நானும் மனசு கேட்காமல்தான் தங்களுக்குப் போன் செய்தேன். "காலம் மாறிப்போச்சு சம்பந்தி. புள்ளைங்கள வுட்டுப் புடிக்கணும்" என்றீர்கள். சரி என்று விட்டுவிட்டேன். எப்படிப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. ஆனால் ஒன்று, நாளைக்கு என் பெண், அப்பா மனசில்லாமல் அரைகுறையாக அனுப்பினார் என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே இந்தப் பதினைந்து நாளாக நானும் கொளஞ்சியும் சாப்பாடு தண்ணியை மறந்து உழைத்திருக்கிறோம்.

பட்டியலை மாப்பிள்ளை மெயிலில் அனுப்பினார், பிரவுசிங் சென்டரில் அச்சடித்து வாங்கிவந்தேன். ட்யூப் இரண்டு, பிரேக் கட்டை ஒரு ஜோடி, பங்ச்சர் ஒட்டுகிற சாமான், கைப்பம்ப் ஒன்று, செயின் எண்ணெய் சின்ன பாட்டில், ஹெல்மெட், அலமாரியின் கீழ்த்தட்டில் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கறுப்புப் பை. சக்கரம் இரண்டையும் கழற்றித் தனியாகச் சுற்றிக் கட்டவும் என்று எழுதி, எல்லாமே ஒரு தோள்பையில் அடங்கிவிடும் மாமா என்று கடைசியில் ஒரு வரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சாமானுக்கு ஒரு ஸ்பேர் என்பது அவசரக்காரர்கள் கணக்கு. அந்த ஸ்பேரே பழுதாகிவிட்டால்? அதற்கு ஒரு ஸ்பேர் வேண்டாமா? இரண்டும் ஒரே பையில் இருந்து அந்தப் பையே மலையில் உருண்டு போய்விட்டால்? ஆகவே வேறொரு பையில் மூன்றாவது. பைகள் கிழிந்தால் என்ன செய்வது என்று ஸ்பேர் பை இரண்டு. பம்ப் மூன்று, பம்புக்கு வாஷர் ஒன்பது. இதையெல்லாம் எடுத்து வைத்த பிறகு, மூன்று பம்பும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால் காற்றுக்கு எங்கே போவார்கள் என்று ஒரு யோசனை வந்து தூக்கம் போய்விட்டது. கொளஞ்சியைக் கேட்டேன். "இதுக்கு ஏன் மாமா கவலைப்படுறீங்க? நாலு ட்யூப்ல இங்கேயே காத்து அடிச்சு அனுப்பிடுவோம்" என்றான். மூன்றாம் தட்டில் உப்பிக்கொண்டு இருப்பவை அவைதாம், முதுநகர்க் காற்று. தயவுசெய்து யாரும் அமுக்கிப் பார்க்கவேண்டாம்.

கொளஞ்சி சைக்கிளை முதன்முதலாகச் சுற்றிவந்து பார்த்தான். "மாமா, எவனோ இத நல்லா உருவிட்டுப் போயிருக்கான்" என்றான். என்னடா சொல்கிறாய் என்றேன். "பாருங்க, மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, செயின் கவர் இல்ல. பெல்லக் கூட வுட்டு வைக்கல. உங்க வூட்டுல நிக்கிறப்பதான் போயிருக்கணும்." என் வீட்டில் நிற்கும்போது! முப்பத்தொரு வருஷம் ஒரு நட்டு குறையாதவன் வீட்டில்! ஆடிக்கு வந்தபோது இதெல்லாம் இருந்ததா என்று புஷ்பவள்ளியைக் கேட்டேன். நான் மாப்பிள்ளையப் பாத்தனா, மட்கார்டப் பாத்தனா என்றாள். விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று காதும் காதும் வைத்தமாதிரி எல்லாவற்றையும் கொளஞ்சி கடையிலிருந்தே போட்டுவிட்டோம். கேரியர் கனமான இரும்பு, பால்காரர்கள் போடுகிற ரகம். இரட்டைக்கால் ஸ்டாண்டு, போட்டு நிறுத்தினால் புயலுக்கும் அசையாது. செயின் கவர்தான் கொஞ்சம் படுத்தியது, கியர் மாற்றினால் செயின் அதில் போய் உரசியது. கொளஞ்சி கியரை ஒரே இடத்தில் வைத்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டான். "இருவத்தொரு கியர வச்சுக்கிட்டு மனுஷன் எப்ப மாமா ஓட்டுறது? மாத்தவே பொழுது போயிடும்" என்றான், அதுவும் நியாயம்தான். பிறகு இலக்கியாவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தபோது, அந்த சைக்கிளில் இதெல்லாம் பிறவியிலேயே கிடையாது என்று தெரிந்தது. அதற்குள் வெல்டிங் வைத்தாகிவிட்டது.

இனி எழுதப்போவதைத் தாங்கள் தனியாக இருக்கும்போது படிக்கவும். மாப்பிள்ளை மறந்து போன கறுப்புப் பையை நாங்கள் திறந்திருக்கக் கூடாது, துவைத்து அனுப்பலாம் என்றுதான் திறந்தோம். உள்ளே ஒரு நிக்கர். உட்காருகிற இடத்தில் மட்டும் இரண்டு விரல் கனத்துக்கு மெத்தை வைத்துத் தைத்திருந்தது. புஷ்பவள்ளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்க, இருவத்தொம்போது வயசுப் புள்ளைக்கு உக்கார்ற எடத்துல எதுக்குங்க மெத்தை?" என்றாள். நான் ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அதே பையிலிருந்து ஒரு ரப்பர் பையும், அதன் அடியிலிருந்து நீளமாக ஒரு குழாயும் வெளியே வந்தன. என் பெரியப்பா மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் ஓரத்தில் இதேமாதிரிதான் ஒன்று தொங்கியது. புஷ்பவள்ளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சம்பந்தம் பேசும்போது மறைத்துவிட்டீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்தால் மூலம் வராமல் என்ன செய்யும்? நான் இலக்கியாவுக்குப் போன் போட்டு, மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு என்று பட்டும்படாமல் கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டதில் விஷயம் வெளியே வந்துவிட்டது. "ஐயோ அப்பா, அது தண்ணி குடிக்கிற பை! முதுகுல மாட்டிக்கிட்டு வாயால உறிஞ்சறது!" என்று சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள். மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்தாள், அவரும் சிரித்தார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த புஷ்பவள்ளி, "வலிய வெளிய காட்டிக்காம எப்பிடிச் சிரிக்குது பாருங்க அந்தப் புள்ள" என்று முன்னைவிட ஜாஸ்தியாக அழ ஆரம்பித்தாள். ஆகவே ஐந்தாம் தட்டில் கருணைக்கிழங்கு லேகியம் ஒரு ஜாடி இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன் நெல்லிக்காயளவு. நிக்கரின் மெத்தை போதாது என்று ஒரு தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறாள். இப்போது அந்த நிக்கர் ஆள் இல்லாமலே உட்காருகிறது.

ஆயுதபூஜையன்று நடந்ததையும் மறைக்கவில்லை. சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். அந்த டயர் முழுக்க கட்டைவிரல் கனத்துக்குப் புடைப்பு புடைப்பாக இருக்கிறதா, பழம் இரண்டு புடைப்புக்கு நடுவில் போய்ச் சொருகிக்கொண்டது, நசுங்கவே இல்லை. மூன்று பழம் வைத்தோம், மூன்றும் டயரோடு ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. எலுமிச்சம்பழம் நசுங்காமல் வண்டி எடுத்தால் என்ன ஆகும் என்று தெருவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எப்போதும் நசுங்கியே பழக்கம். அப்படியானால் திருஷ்டிப் பூசணிக்காயையே சக்கரத்துக்கு வைத்துவிடலாம் என்று சொன்னது யார் என்று இப்போது எல்லோரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். நான்தான் சொன்னேன். கொளஞ்சி தெருக்கோடியிலிருந்து வேகமாக மிதித்துக்கொண்டு வந்தான். பூசணிக்காய் நசுங்கவில்லை. கொளஞ்சி பறந்துபோய் எதிர்வீட்டுக் கோலத்தில் உட்கார்ந்தான், முன் சக்கரம் கோணிக்கொண்டது. பதற்றப்படவேண்டாம். அன்றே கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், இரண்டு நாள் ஒவ்வொரு கம்பியாக முடுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டான். இப்போது சுற்றிவிட்டால் புதுசைவிட நேராக ஓடுகிறது. அதை என் கல்யாண வேட்டியில் சுற்றிப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டேன். பற்சக்கரத்தில் காய்ந்துபோன சந்தனம் மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை, ஓட்ட ஓட்ட உதிர்ந்துவிடும்.

இதையெல்லாம் கோணிப்பையில் கட்டி அனுப்பியிருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். "தலைத்தீபாவளிக்கு நம்ம வூட்டுலேர்ந்து மாப்பிள்ளைக்குப் போற சாமான். கோணிப்பையில போனா சம்பந்தியம்மா என்னா நெனப்பாங்க?" என்று புஷ்பவள்ளி சண்டைக்கு வந்துவிட்டாள். அதனால் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ. ட்யூப் கறுப்பாக இருக்கிறது, சீரில் கறுப்பு கூடாது என்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிவிட்டாள். கையில் ஒட்டும், துடைத்துக்கொள்ளவும். ஆறாம் தட்டில் அதிரசமும் பிரேக் கட்டையும் சேர்ந்து இருக்கின்றன. இந்தத் தடவை அதிரசம் பதம் தவறிக் கறுத்துவிட்டது, பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொளஞ்சி ஒன்றைக் கடித்துப் பார்த்தான், இதுவும் பிரேக் கட்டை மாமா என்றான், அது அதிரசம். புஷ்பவள்ளி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. ஏழாம் தட்டில் இரண்டு பாட்டில் எண்ணெய். ஒன்று செயினுக்கு, இன்னொன்று மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், மாப்பிள்ளை தலைக்கு. ஒட்டியிருந்த சீட்டு இரண்டும் உதிர்ந்துவிட்டது. சம்பந்தியம்மாவை முகர்ந்து பார்த்துப் பிரித்துவிடச் சொல்லவும்.

தலைக்கு எண்ணெய் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கே இருந்தாலும் தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டுமா வேண்டாமா? மலை என்றால் விட்டுவிட முடியுமா? ஆகவே மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, இலக்கியாவுக்குப் புடவை, மணை, சீயக்காய், தீபாவளி லேகியம், வெடி எல்லாம் எட்டிலிருந்து பதினொன்று வரை. வெடிகளை ஹெல்மெட்டுக்குள் அடுக்கியிருக்கிறோம், தலையில் மாட்டுமுன் எடுத்துவிடவும். பன்னிரண்டாவது தட்டே அல்ல, செப்பு அண்டா. வெந்நீர் வைக்க. கேரியரில் கவிழ்த்துக் கட்டினால் உட்காரும், கட்டிப் பார்த்துவிட்டோம். மொத்தத்தையும் ரைஸ்மில் தராசில் ஏற்றினால் நூற்றுப்பதினெட்டு கிலோ வந்தது. மலை ஏற இலேசாக இருக்கவேண்டும் என்று மாப்பிள்ளை தேடிப்பிடித்து வாங்கிய பதிமூன்று கிலோ சைக்கிள் அது. கவலையாகப் போய்விட்டது. போன் போட்டு, "மாப்ள, நானும் கொளஞ்சியும் இந்தச் சாமான எடுத்துக்கிட்டு வண்டியில பின்னாலேயே வந்துடட்டுமா? உங்களுக்குத் தொந்தரவு பண்ணமாட்டோம், ஒரு ஃபர்லாங்கு தள்ளியே வரோம்" என்றேன். "மாமா, அங்க ரோடே கெடையாதுங்க" என்றார். "ரோடு இல்லாத எடத்துக்கா எம்பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்றேன். அதோடு டவர் போய்விட்டது.

இப்போது பெரிய தலைவலி வேறு. பன்னிரண்டு என்பது இரட்டைப்படை. சீர் ஒற்றைப்படையில்தான் வரவேண்டும். ஆடிச் சீரில் பத்துத் தட்டு வந்ததாகச் சம்பந்தியம்மா யாரிடமோ சொல்லி வருத்தப்பட்டதாகப் புஷ்பவள்ளி காதுக்கு எட்டியது. அன்றிலிருந்து அவள் தட்டு எண்ணாமல் சோறு தின்பதில்லை. பதின்மூன்றாவதாக எதை வைப்பது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறோம். கொளஞ்சி, ஒரு ஸ்பேர் கொளஞ்சி இருந்தா வச்சுடலாம் மாமா என்கிறான், அவனுக்கு எல்லாம் விளையாட்டு. ஒன்றைக் குறைக்கலாம் என்றால் எதைக் குறைப்பது? ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன், எல்லாமே அவர்களுக்கு வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. என்ன, அந்த மணையைத் திரும்ப ஏற்றும்போது மட்டும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. மலையில் அதைப் போட்டு யார் அந்தப் பிள்ளை தலையில் எண்ணெய் வைப்பார்கள்? ஆரத்தி யார் எடுப்பார்கள்?

மணி எட்டே முக்கால். டிரைவர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டான். மேற்படி சாமான்களைச் சரிபார்த்து எடுத்துக்கொள்ளவும், இந்தக் கடிதத்தையே கேட் பாஸாக வைத்துக்கொள்ளவும். சம்பந்தியம்மா முழங்கால் வலி குறைய எங்கள் பிரார்த்தனை. குழந்தைகள் மலையேறி, கைகால் எண்ணிக்கை குறையாமல் இறங்கி, நூறாண்டு வாழ எங்கள் ஆசீர்வாதம்.

தங்கள் அன்புள்ள,
அ. வைத்திலிங்கம்
(ஸ்டோர்ஸ், ஓய்வு)

பின்குறிப்பு: மணி 8.58. கயிற்றைக் கடைசியாக இழுத்துக் கட்டிய கொளஞ்சி, "மாமா, பின் சக்கரம் இருக்குது. முன் சக்கரம் எங்க?" என்றான். பேசாமல் வண்டியில் ஏறுடா என்றேன். முன் சக்கரம் எங்கள் பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் வேட்டியோடு தொங்குகிறது. மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம், முப்பத்தொரு வருஷத்தில் நான் மறந்ததில்லை. முதலில் மாட்டியது பத்திரத்துக்குத்தான், நேற்று எடுத்துக் கட்டப் போனபோது புஷ்பவள்ளி கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். நானும் நகரச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சைக்கிளே ஓடாது, ஆகவே விதிப்படி மாப்பிள்ளை நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பேன். அலுவலக நேரம் நவம்பர் ஐந்தாம் தேதி, தீபாவளியன்று, எண்ணெய்க் குளியல் முடிந்த பிறகு. விட்டுப் பிடிக்கச் சொன்னது தாங்கள்தான், விட்டுவிட்டேன், இப்போது பிடித்துவிட்டேன். வியாழக்கிழமை பெங்களூர் போய்ச் சேரும் வரை தாங்கள் வாயைத் திறக்கவேண்டாம். தட்டு விஷயமும் தீர்ந்துவிட்டது. அண்டாவை இறக்கச் சொல்லிவிட்டேன், புஷ்பவள்ளி இந்தத் தடவை மறிக்கவில்லை, இப்போது பதினொரு தட்டு. அண்டா இங்கேதான் வேண்டியிருக்கும்.